சிவப்புப் புள்ளி வளர்கிறதா?

பிறந்து இரண்டு மூன்று வாரத்தில் குழந்தையின் உடம்பில் சிவப்பாக ஒரு புள்ளி தோன்றி, கோவைப்பழ நிறத்தில் தடித்து எழும்புகிறதா? கிரகணத்தன்று வெளியே போனாயா என்று தாயைக் குடையாதீர்கள், பாவம். அது ஹீமாஞ்சியோமா, ரத்தக்குழாய்ச் செல்கள் பெருகி வரும் கட்டி. புற்றுநோய் அல்ல. முதல் ஐந்து மாதம் வேகமாக வளரும், ஒரு வயதுக்குப் பிறகு மெல்ல வெளிறிச் சுருங்கும். பெரும்பாலும் வைத்தியமே தேவைப்படாது.

ஆனால் இமை, மூக்கு, உதடு, தாடைப் பக்கம் இருந்தாலோ, புண்ணானாலோ, ஐந்தோ அதற்கு மேலோ இருந்தாலோ காத்திருக்கக் கூடாது. இமையில் வளர்ந்தால் பார்வையே கெடலாம். ஆறாவது வாரத் தடுப்பூசி வரை தள்ளிப்போடாமல், நெய்வேலி என்.எல்.சி. மருத்துவமனைக்குப் போய்க் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இதற்கான முக்கிய மருந்து ப்ரோப்ரனோலால். பழைய இதய மருந்துதான். இதயக் கோளாறுக்காகக் கொடுத்தபோது கட்டியும் சுருங்கியதைப் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் கவனித்து 2008-இல் வெளியிட்டார்கள். அதற்காகத் தாத்தாவின் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள்! குழந்தையின் எடைக்கேற்ப மருத்துவர்தான் அளவு சொல்வார். பால் குடிக்கும்போதோ குடித்த உடனேயோதான் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தாலோ பால் குடிக்க மறுத்தாலோ, அந்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள். வயிற்றில் பால் இல்லாமல் இந்த மருந்தைக் கொடுத்தால் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம்.