காகிதம் கேட்கும் ஊர் – 14: இருபதுக்கு எத்தனை?

சென்ற வாரம் சித்தப்பாவை ஒரு வங்கியின் கவுன்ட்டரில் நிறுத்திவிட்டுப் போனேன். கையெழுத்து ஒத்துப்போகவில்லை, பணம் தர முடியாது என்று சொல்லியிருந்தார்கள். மனநோய் உள்ளவருக்கு வரும் உதவித்தொகையை யார் போய் எடுப்பது என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். இதற்கு மேல் முன்கதை கிடையாது. பழைய இதழ் வீட்டில்தானே கிடக்கும். சித்தப்பா இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கட்டும்.

செவ்வாய்க்கிழமை பரணில் இருந்த மஞ்சள் பையைக் கொட்டினேன். வங்கி கொடுத்த கடிதத்தைத் தேடப் போய், கையில் வந்தது வேறொன்று: 2011-இல் மருத்துவக் குழு கொடுத்த தாள். நாற்பது சதவீதத்துக்குக் கீழ், எனவே தகுதியில்லை. நாலாக மடித்து மடித்து, மடிப்பில் எழுத்தே போய்விட்டது. அந்த நாற்பது எங்கிருந்து வருகிறது, மனதை எந்த முழக்கோலால் அளக்கிறார்கள் என்று அப்போது நான் கேட்கவே இல்லை. இப்போது கேட்டேன். செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று, ஆசிரியர் இரண்டு தரம் போன் பண்ணிவிட்டார்.

அளவுகோலின் பெயர் ‘ஐடியாஸ்’. கிண்டல் இல்லை, ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் அப்படித்தான் வருகிறது. 1995-இல் வந்த ஊனமுற்றோர் சட்டம் மனநோயையும் பட்டியலில் சேர்த்தது. கை, கால், கண், காது என்றால் அளக்க ஏற்கெனவே வழி இருந்தது. மனதுக்கு? இந்திய மனநல மருத்துவர் சங்கத்தின் மறுவாழ்வுக் குழு உட்கார்ந்து ஒன்றை உருவாக்கியது; 2002-இல் மத்திய அரசு அதை அரசிதழில் ஏற்றது. 1995 சட்டம் போய் 2016 சட்டம் வந்துவிட்டது. அளவுகோல் மட்டும் மாறவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அது ஒரு பரீட்சை. நான்கு பாடம். தன்னைத் தான் பார்த்துக்கொள்வது ஒன்று: குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது. மனிதர்களோடு பழகுவது இரண்டு. பேசுவதும் புரிந்துகொள்வதும் மூன்று. வேலை நான்கு, சம்பள வேலை மட்டுமில்லை, வீட்டு வேலையும் படிப்பும்கூட இதில் சேர்த்தி. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நாலு வரை. கஷ்டம் கூடினால் மார்க் கூடும். ஆகப் பதினாறு. இதன் மேல் நோய் எத்தனை ஆண்டாக இருக்கிறது என்பதற்கு ஒன்றிலிருந்து நாலு வரை. பத்து ஆண்டைத் தாண்டியவருக்கு முழுசாக நாலு. மொத்தம் இருபது.

இருபது! இந்த இடத்தில் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். வேறு ஊர்க்காரர்களுக்கு இது வெறும் எண். புதுச்சேரியில் லிசே என்ற பிரெஞ்சுப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தவனுக்கு அப்படி இல்லை. பிரெஞ்சுப் பள்ளியில் நூற்றுக்கு மார்க் கிடையாது, எல்லாம் இருபதுக்குத்தான். எங்கள் பக்கத்து வீட்டு மிசே, மகன் இருபதுக்குப் பன்னிரண்டு வாங்கி வந்த அன்று தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். ஆயாவுக்கு, அதாவது சித்தப்பாவின் அம்மாவுக்கு, விளங்கவேயில்லை. “பன்னெண்டு மார்க்குக்கு இன்னாத்துக்குடா முட்டாயி?” பத்து வாங்கினால் அங்கே தேறிவிடலாம், பதினாறு வாங்கினால் கழுத்தில் மாலை போடலாம் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

இன்னொன்று. 1826-இல் தொடங்கிய அந்த லிசே இருப்பது விக்தொர் சிமோனெல் வீதியில். நம் பெரியாஸ்பத்திரி, அதாவது இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை, இருப்பதும் அதே வீதியில்தான். இருபதுக்கு மார்க் போடும் பள்ளியும் பெரியாஸ்பத்திரியும் ஒரே வீதி! இதனால் யாருக்கும் ஒரு பைசா பிரயோஜனமில்லை என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கணக்கு இன்னும் வேடிக்கை. ஒன்றிலிருந்து ஆறு வரை வந்தால் லேசான பாதிப்பு, நாற்பதுக்குக் கீழ். ஏழிலிருந்து பதின்மூன்று வரை நாற்பது முதல் எழுபது சதவீதம். பதினான்கு முதல் பத்தொன்பது வரை எழுபத்தொன்று முதல் தொண்ணூற்றொன்பது சதவீதம். இருபது வாங்கினால் நூறு. இருபதுக்கு ஏழு என்றால் பள்ளிக்கூடக் கணக்கில் முப்பத்தைந்துதான். இங்கே அது நாற்பது. தமிழ்நாட்டில் முப்பத்தைந்து வாங்கினால் பாஸ், நமக்கும் அதே பாடத்திட்டம்தான் நெடுநாள் இருந்தது. ஆக ஏழு என்பது இரண்டு கணக்கிலும் பாஸ் மார்க். ஏழு வந்தால் சான்றிதழ். ஆறு வந்தால் வீட்டுக்குப் போகலாம்.

சித்தப்பாவுக்கு நோய் வந்தது 1986-இல், இருபத்திரண்டு வயதில். எனவே 2011-இல் அவர் வாயே திறக்காமல் நாலு மார்க் வாங்கியாயிற்று. மீதி மூன்று பாடத்தில் பூஜ்யம் வாங்கினாலும், ஏதோ ஒன்றில் மூன்று வந்தால் போதும். அவரோ இருபத்தைந்து வருடமாக வேலைக்குப் போனதில்லை. எப்படி ஃபெயிலானார்?

ஆயாதான் காரணம்.

அன்று அவரை அழைத்துக்கொண்டு போனது நானும் ஆயாவும். எந்த மருத்துவமனை என்று சொல்லப்போவதில்லை. முதல் நாளே சலூனுக்குக் கூட்டிப்போய் முகச்சவரம். காலையில் வெந்நீர், நெற்றியில் திருநீறு, கழுத்தில் பவுடர். வெளிர்நீலச் சட்டை; தீபாவளிக்கு எடுத்தது. இஸ்திரிக்காரரிடம் கொடுக்காமல் ஆயாவே கரிப்பெட்டியை எடுத்துத் தேய்த்தாள். காலரை மட்டும் மூன்று தரம் தேய்த்தாள், தண்ணீர் தெளித்துத் தெளித்து. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போகிற மாதிரி இருந்தது.

டாக்டரம்மா தணிவாகத்தான் கேட்டார். “இவரே குளிச்சிக்கிறாராம்மா?”

“அதெல்லாம் சுத்தபத்தமா இருப்பான்.”

“வீட்டுல வேலை ஏதாச்சும்?”

“பால் வாங்கியாருவான், தண்ணி புடிச்சி வைப்பான்.”

“மத்தவங்களோட பேச்சு?”

“யாரு வம்புக்கும் போமாட்டான் டாக்டரம்மா, தங்கமான புள்ள.”

ஒன்றும் பொய்யில்லை. குளிப்பார், ஆயா குளியலறை வாசலில் நின்று ‘சோப்பு போடு, முதுகுல ஊத்து, கால தேய்’ என்று ஒவ்வொன்றாகச் சொன்னால். பால் வாங்கி வருவார். கடைக்காரர் சில்லறையை எண்ணிச் சட்டைப்பையில் போட்டு அனுப்பினால். வம்புக்குப் போகமாட்டார், யாரோடும் பேசினால்தானே வம்பு. ஆனால் வெளியாள் முன்னால், வெள்ளைக் கோட்டு முன்னால், பெற்ற பிள்ளையைக் குறை சொல்லி ஆயாவுக்குப் பழக்கமில்லை. இருபத்தைந்து வருடம் தெருவிலும் உறவிலும் அவள் செய்துவந்த வேலையே அவனுக்கு ஒன்றுமில்லை என்று காட்டுவதுதான். அதே வேலையை அன்றைக்கும் ஒழுங்காகச் செய்தாள்.

இந்த வாரம் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். குளியலுக்குப் பூஜ்யம், பழக்கத்துக்குப் பூஜ்யம், பேச்சுக்குப் பூஜ்யம். பாலுக்கும் தண்ணீருக்கும் பாதி போக வேலைக்கு இரண்டு. நோயின் வயதுக்கு நாலு. ஆறு. இது என் கணக்குதான், குழு போட்ட கணக்குத் தாளில் இல்லை. ஆனால் இப்படித்தான் இருக்க வேண்டும். ஒரே மார்க்கில் கோட்டை விட்டிருக்கிறோம். அந்த ஒரு மார்க் காலரை மூன்று தரம் தேய்த்ததில் போயிற்று என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

டாக்டர் மேல் தப்பில்லை. ‘நீங்க சொல்லாட்டி குளிப்பாரா?’ என்று ஒரு கேள்வி கூடக் கேட்டிருந்தால் எல்லாம் மாறியிருக்கும். வெளியே வராந்தாவில் அன்று அறுபது பேர் நின்றார்கள்.

ஏழு வாங்கிவிட்டால் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2009-இல் மத்திய அரசு தொடங்கிய இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு எண்பது சதவீதம் வேண்டும், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கவும் வேண்டும். அதற்கு மத்திய அரசு தருவது மாதம் முந்நூறு ரூபாய். நாற்பது இருந்தால் சலுகைக்குத் தகுதி, எண்பது இருந்தால் அந்தப் பணம். (மாநில அரசுகளும் நம் புதுச்சேரி அரசும் தங்கள் கணக்கில் தருவது தனி. அதன் விதிகளை ஏழாம் வாரம் எழுதி, பல்லைக் கடித்துக்கொண்டு நீங்களும் படித்தீர்கள்.)

ஊனமுற்றோர் அடையாள அட்டைக்கு நிறம் உண்டு. நாற்பதுக்குக் கீழே வெள்ளை, நாற்பதிலிருந்து எண்பதுக்குள் மஞ்சள், எண்பதும் அதற்கு மேலும் நீலம். நமக்கோ ரேஷனில் சிவப்பு அட்டை என்றால் ஏழை, மஞ்சள் என்றால் வசதியுள்ளவர். எங்கள் தெருவில் ஓர் அம்மா, மகனுக்கு மஞ்சள் அட்டை வந்திருக்கிறது என்றதும் பதறிப்போய், சிவப்பை எடுத்துவிட்டார்களா என்று ஓடிவந்தார். இரண்டும் வேறு வேறு என்று விளக்கிச் சொல்லவே அரை மணி நேரம் பிடித்தது. கிளம்பும்போது மறுபடி கேட்டார்: “அப்போ அரிசி நிக்காதுல்ல?”

எண்பது என்றதும் இன்னொரு கிளைக்கதை. பாரீஸிலும் எண்பதுதான். 1975 ஜூன் 30-ஆம் தேதிச் சட்டத்தில் பிரான்ஸ் ஊனமுற்ற பெரியவர்களுக்கு ஒரு தொகை வைத்தது, மனநோய்க்கும் உண்டு. எண்பது சதவீதம் இருந்தால் நேராகக் கிடைக்கும். ஐம்பதிலிருந்து எழுபத்தொன்பது வரை உள்ளவருக்கும் கதவைச் சாத்தவில்லை: இந்த நோயால் வேலை தேடுவது நெடுநாளைக்குக் கஷ்டம் என்று காட்டினால் தருகிறார்கள். அங்கே முழுத்தொகை மாதம் ஆயிரம் யூரோவைத் தாண்டுகிறது. 2023 அக்டோபரிலிருந்து கணவன் அல்லது மனைவியின் வருமானத்தை இதில் கணக்கெடுப்பதையும் விட்டுவிட்டார்கள்; அதற்கு அங்கே எத்தனையோ வருடம் போராடினார்கள். நம் ஊரில் அண்ணன் பிரெஞ்சுக் குடிமகன், தம்பி இந்தியக் குடிமகன் என்று ஒரே வீட்டில் இருப்பது புதிதா என்ன? சொல்தா பென்ஷனில், அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் பென்ஷனில், மாடி எழும்பிய வீடுகளில் இந்தக் கணக்கை வாசலில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் அந்தத் தொகை பிரான்சில் குடியிருப்பவருக்குத்தான். ஆண்டில் மூன்று மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் நின்றுவிடும். பாஸ்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு முத்தியால்பேட்டையில் இருந்தால் ஆகாது.

மனநோய்க்குக் கொடுக்கும் சான்றிதழ் பல சமயம் தற்காலிகம். குறிப்பிட்ட ஆண்டு முடிந்தால் திரும்பப் பரீட்சை. காலில்லாதவருக்குக் கால் முளைக்காது. மனம் அப்படியில்லை, ஏறும், இறங்கும். மாத்திரை ஒழுங்காகப் போட்டு, உறங்கி, நாலு வார்த்தை பேசத் தொடங்கிய மாதத்தில் குழு கூப்பிட்டால் மார்க் இறங்கும். மோசமான மாதத்தில் கூப்பிட்டால் ஆள் அறையை விட்டே வரமாட்டார். வராவிட்டால் பூஜ்யம்கூடக் கிடையாது, ‘வருகை தரவில்லை’ என்று ஒரு கோடு. நல்ல மாதத்தில் போனால் தோற்பார், கெட்ட மாதத்தில் போகவே முடியாது. இரண்டுக்கும் நடுவில், நடக்கிற அளவுக்குத் தேறியும் மார்க் வாங்குகிற அளவுக்கு உடைந்தும் இருக்கிற ஒரு செவ்வாய்க்கிழமையைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

அப்படி ஒரு செவ்வாய் எங்களுக்கு 2013-இல் கிடைத்தது. போவதற்கு முன் ஒரு வாரம் நான் ஆயாவைத் தயார் செய்தேன். பொய் சொல்ல வேண்டாம், நீ பக்கத்தில் நிற்பதைச் சொல், போதும். சொன்னாள். குளியலறை வாசலைச் சொன்னாள், பால்காரரின் சில்லறையைச் சொன்னாள், ராத்திரி யாரோடோ பேசுவதைச் சொன்னாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி, மூச்சு விடாமல் சொன்னாள். சித்தப்பா பக்கத்து நாற்காலியில் இருந்தார். தன்னைப் பற்றி அத்தனை பேச்சை அவர் ஒரே இடத்தில் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். சட்டை அதே வெளிர்நீலம். இந்தத் தடவையும் ஆயாவே தேய்த்திருந்தாள். அதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

சான்றிதழ் வந்தது. வங்கிக் கணக்கு திறந்தோம். அங்கேதான் சென்ற வாரம் நின்றிருந்தோம். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன்: 1987-இன் மனநலச் சட்டத்தில், நோயாளியின் சொத்தைப் பார்த்துக்கொள்ள நீதிமன்றம் ஒருவரை நியமிக்க வழி இருந்தது. 2018 மே 29-இல் நடைமுறைக்கு வந்த புதிய மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் அந்த அத்தியாயமே இல்லை. ‘நியமனப் பிரதிநிதி’ என்று ஒருவர் உண்டு. அவர் சொல் சிகிச்சை விஷயத்தில்தான் செல்லும், காசோலையில் இல்லை. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் பாதுகாவலர் உண்டு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் என்ற அதன் பட்டியலில் மனநோய் கிடையாது. அப்படியானால் யார் கையெழுத்துப் போடுவது? அடுத்த வாரம், நிச்சயமாக.

2013-இல் அந்தச் செவ்வாய்க்கு மறுநாள் காலை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். ஆயா கொடியில் துண்டைத் தேடினாள், காணோம். குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம். வாசலில் யாரும் நிற்கவில்லை. சித்தப்பா தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்தார், சோப்பு வாசனையோடு. வியாழனும் அப்படியே. வெள்ளியும். ஆயா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். முகத்தில் சிரிப்பு. ஆனால் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

“டேய், இத யாராவது பாத்தா பென்ஷன நிறுத்திடுவாங்களாடா?”

(தொடரும்)