பதின்மூன்று அணிகளின் பருவம்

வெற்றிக்கு 4 புள்ளிகளும், எதிரியின் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் ஊன்றும் ‘டிரை’யை நான்கு முறை சாதித்தாலோ, ஏழு புள்ளிகளுக்கு மிகாமல் தோற்றாலோ உபரியாக ஒரு புள்ளியும் வழங்கும் இங்கிலாந்தின் பிரீமியர்ஷிப் ரக்பிப் போட்டி, 2022 செப்டம்பரில் 13 அணிகளுடன் ஆரம்பமாயிற்று. சில வாரங்களுக்குள் கடன் சுமையால் நிலைகுலைந்து, முதலில் வூஸ்டர் வாரியர்ஸும், பின்னர் 1867-இல் ஸ்தாபிதமாகி, ஐரோப்பிய சாம்பியன் பட்டத்தை இருமுறை வென்ற கீர்த்தி வாய்ந்த வாஸ்ப்ஸும் போட்டியினின்று நீங்கின. அவ்விரு அணிகளின் ஆட்ட முடிவுகளும் ரத்தாயின. வாஸ்ப்ஸின் வீரர்களும் சிப்பந்திகளுமாக 167 பேர் ஒரே நாளில் ஜீவனோபாயத்தை இழந்தது, மைதானத்தில் நேரும் எந்தத் தோல்வியினும் கொடியதென்றே கருதுகிறேன். 2023 மே 27 அன்று ட்விக்கன்ஹாமில் சாரசென்ஸ், சேல் ஷார்க்ஸை 35-25 என வென்று பட்டம் சூடியது. ஜூனில் லண்டன் ஐரிஷும் வீழ, அடுத்த பருவம் 10 அணிகளுடனே தொடங்கிற்று.