ஓடும் வண்டிக்குச் சக்கரம் மாற்றலாமா?

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் அரியாங்குப்பத்தைத் தாண்டினால் தவளக்குப்பம் வரும். அங்கே பத்தாம் வகுப்புப் படிக்கும் மாணவி ஒருத்தியிடம் பழைய மடிக்கணினி ஒன்று இருக்கிறது. கடலூரில் அவளுடைய பெரியம்மா மகன் பிளஸ் டூ படித்தபோது கிடைத்த கணினி அது. தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் உங்களுக்கு நினைவிருக்கலாம். அக்கணினிகளில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸ் இயங்குதளமும் ஏற்றப்பட்டிருந்தது. இந்தியாவின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ், 'டெபியன்' என்ற லினக்ஸின் மேல் கட்டப்பட்டது. டெபியனை உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் 1993 முதல் உருவாக்கி வருகிறார்கள். அண்ணன் பிறகு பாஸை நீக்கி டெபியன் 10ஐயே நிறுவி, கணினியைத் தங்கையிடம் கொடுத்துவிட்டான்.

டெபியன் 10க்கு அந்தத் தன்னார்வலர்கள் தந்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஜூனோடு நின்றுவிட்டன. சில இணையதளங்கள் திறக்க மறுத்தன. பழுது பார்க்கும் கடையில், "புதுசு வாங்கிக்கோம்மா" என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்கோ அழுகை. பாட்டி சொன்ன கதைகளை எல்லாம் அதில்தான் ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கிறாள்.

கதைகளை முதலில் பென் டிரைவில் நகலெடுக்கச் சொன்னேன். இந்த வேலையில் இறங்குமுன் நீங்களும் இதைத்தான் முதலில் செய்யவேண்டும். பிறகு, எதையும் அழிக்காமல் இருக்கிற இயங்குதளத்தையே புதுப்பிக்கலாம் என்றேன்.

"அது எப்படி மாமா? கணினி ஓடிக்கிட்டே இருக்கும்போது அதோட இயங்குதளத்தையே மாத்துறதா? ஓடுற பஸ்ஸுக்குச் சக்கரம் மாத்துற மாதிரி இருக்கே!"

நல்ல கேள்வி! விடை காண, முதலில் பொதி என்றால் என்னவென்று பார்ப்போம்.

மளிகைக் கடையில் மிளகு, சீரகம், பருப்பு எனத் தனித்தனியாகப் பொட்டலம் கட்டித் தருவார்கள் அல்லவா? அதுபோல் டெபியனிலும் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதி. 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12இல் 64,000க்கும் மேற்பட்ட பொதிகள் உள்ளன. ஒவ்வொரு பொதியின் மேலும் ஒரு சீட்டு இருக்கும்: பெயர், பதிப்பு எண், 'நான் வேலை செய்ய இன்னின்ன பொதிகள் வேண்டும்' என்ற குறிப்பு. உலாவிக்கு எழுத்துருப் பொதி வேண்டும். எழுத்துருவுக்கு வேறொன்று வேண்டும். ஏறத்தாழ எல்லாவற்றுக்குமே 'சி நூலகம்' என்ற அடிப்படைப் பொதி வேண்டும். இந்தச் சிக்கலைக் கையால் அவிழ்க்க முடியுமா? அதற்காகவே 'ஆப்ட்' என்ற பொதி மேலாளர் இருக்கிறது. சீட்டுகளைப் படித்து, எது வேண்டும், எதை நீக்கவேண்டும் என்று கணக்குப் போடுவது ஆப்ட்டின் வேலை. பொதியை அவிழ்த்து அடுக்குவது அதன் கீழுள்ள 'டிபிகேஜி'யின் வேலை.

இணையத்தில் வருகிற பொட்டலத்தில் யாராவது கலப்படம் செய்துவிட்டால்? அதற்கும் காவல் உண்டு. பொதி ஒவ்வொன்றுக்கும் கைரேகை போன்ற ஓர் எண் கணக்கிடப்படுகிறது. ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் அடியோடு மாறிவிடும். இந்த எண்களின் பட்டியலுக்கு டெபியன் குழு மின்னணு முத்திரை இடுகிறது. முத்திரை பொருந்தாவிட்டால் ஆப்ட் எச்சரித்து நின்றுவிடும்.

இப்போது வேலையைத் தொடங்குவோம். எங்கிருந்து பொதிகளை எடுப்பது என்று ஒரு சிறு கோப்பில் எழுதியிருக்கும். அதில் 'பஸ்டர்' என்பதை 'புல்ஸ்ஐ' என்று மாற்றினோம். என்ன பெயர்கள் இவை என்கிறீர்களா? 'டாய் ஸ்டோரி' திரைப்படப் பாத்திரங்கள்! பஸ்டர் ஒரு நாய், டெபியன் 10. புல்ஸ்ஐ ஒரு குதிரை, டெபியன் 11. நாயிலிருந்து நேராகப் பன்னிரண்டுக்குத் தாவக்கூடாது. ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்குப் போகும் வழியை மட்டுமே டெபியன் குழு சோதித்து வைத்திருக்கிறது. பாதுகாப்புத் திருத்தங்களுக்கான வரியில் இன்னொரு பொறி உண்டு. பத்தில் 'பஸ்டர்/அப்டேட்ஸ்' என்றிருந்தது, பதினொன்றில் 'புல்ஸ்ஐ-செக்யூரிட்டி' ஆகிவிட்டது. பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். நானும் விழுந்தவன்தான்.

கோப்பைத் திருத்தியபின் 'ஆப்ட் அப்டேட்' என்ற கட்டளை புதிய பட்டியலைக் கொண்டுவரும். 'ஆப்ட் அப்கிரேட்' எளிதில் மாறக்கூடியவற்றை மாற்றும். 'ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்' மீதியை மாற்றும்; தேவையானால் பழைய பொதிகளை நீக்கவும் செய்யும். அந்த நீக்கல் பட்டியலைப் படிக்காமல் 'சரி' என்று சொல்லிவிடாதீர்கள்.

இனி சக்கரத்துக்கு வருவோம். லினக்ஸில் கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு. பெயர் என்பது கதவில் தொங்கும் பலகை மாதிரி. டிபிகேஜி பழைய கோப்பின் மேல் எழுதுவதில்லை. புதியதைப் பக்கத்தில் வேறு பெயரில் முழுமையாக எழுதி முடித்து, பிறகு பலகையை மட்டும் ஒரே வீச்சில் மாற்றி மாட்டுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தான் திறந்து வைத்திருக்கும் பழைய கோப்பிலேயே தொடரும். அது மூடும்வரை பழைய கோப்பு வட்டிலிருந்து போகாது. புதிதாகத் தொடங்கும் நிரலோ புதிய கோப்பைத் திறக்கும். ஆகவே சக்கரத்தைக் கழற்றுவதே இல்லை. புதுச் சக்கரத்தைப் பக்கத்தில் பூட்டிவிட்டு, அடுத்த ஓட்டத்திற்கு அதைப் பயன்படுத்துகிறோம். கணினியின் கருவான கெர்னலும் இப்படித்தான்: மறுபடி தொடங்கும்வரை பழையதே ஓடும்.

பாதி வழியில் ஒரு கேள்வி வந்து திரை நின்றது. நிரல் அமைப்புக் கோப்பு ஒன்றை அண்ணன் என்றோ திருத்தியிருக்கிறான். அதை வைத்துக்கொள்வதா, புதியதைப் போடுவதா? கோப்பின் கைரேகை எண் மாறியிருப்பதால் டிபிகேஜி கண்டுபிடித்துவிட்டது. 'என்' அழுத்தி அண்ணனுடையதையே வைத்துக்கொண்டாள்.

அடுத்த பத்தாவது நிமிடம் மின்சாரம் போயிற்று. பழைய பேட்டரிக்கு உயிர் இல்லை. திரை இருண்டது. அவள் முகமும்தான்.

மின்சாரம் வந்ததும் கணினி கறுப்புத் திரையில் வெறும் எழுத்துகளோடு எழுந்தது. டிபிகேஜி ஒரு கணக்குப்பிள்ளை போல. எந்தப் பொதி அவிழ்ந்தது, எது பாதியில் நிற்கிறது என்று பேரேட்டில் குறித்துக்கொண்டே போகும். பலகையை மாற்றுவது ஒரே வீச்சில் நடப்பதால், அதற்குமுன் மின்சாரம் போனால் பழைய கோப்பு, பின்பு போனால் புதிய கோப்பு; அரைகுறைக் கோப்பு பெரும்பாலும் இராது. 'டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ' என்று தட்டச்சு செய்தாள். பேரேட்டில் பாதியில் நின்றவை ஒவ்வொன்றாக முடிந்தன. பிறகு 'ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்', அதன்பின் மறுபடி 'ஃபுல்-அப்கிரேட்'. இரவு ஒன்பது மணிக்குப் பதினொன்று தயார்.

மறுநாள் அதே முறையில் 'புக்வார்ம்' எனப்படும் பன்னிரண்டு. எல்லாம் ஓடியது. வைஃபையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. வன்பொருள்களுக்கான கட்டற்றதல்லாத சிறு நிரல்களைப் பன்னிரண்டில் 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்ற தனிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். மூலக் கோப்பில் அந்தச் சொல்லையும் முன்கூட்டியே சேர்க்கவேண்டும். சேர்த்திருந்தோம்.

உங்கள் வீட்டுக் கணினி 32 பிட் செயலி கொண்டதானால் பன்னிரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்டில் வெளிவந்த பதின்மூன்றில் அவ்வகைக்குக் கெர்னல் கிடையாது. அவளுடையது 64 பிட். ஆனாலும் பன்னிரண்டுக்கு 2028 ஜூன் வரை திருத்தங்கள் வரும் என்பதால், பொதுத்தேர்வு முடிந்தபின் அடுத்ததைப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். பழைய கெர்னலும் தொடக்கப் பட்டியலில் இன்னும் இருக்கிறது. புதியது முரண்டு பிடித்தால் அதைத் தேர்ந்தெடுத்துக் கணினியை எழுப்பலாம்.