நின்ற இடத்திலேயே நின்று, மதுரையை முழுசாக

மல்லாங்கிணற்றுக்காரர்களுக்குப் பெரிய ஊர் என்றால் மதுரைதான். மாவட்டத் தலைநகரம் விருதுநகராக இருக்கலாம். முகூர்த்தப் பட்டு எடுக்க, பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட, பிள்ளையைக் காலேஜில் சேர்க்க என்று காரியாபட்டி வழியாக மதுரைக்குத்தான் பஸ் ஏறுகிறோம். அடிக்கடி போய் வருவதாலேயே அந்த ஊர் மாறுவது கண்ணில் படுவதில்லை. பெரியார் பஸ் ஸ்டாண்டை இடித்தார்கள், புதிதாகக் கட்டி 2021 டிசம்பரில் திறந்தார்கள். பழைய ஸ்டாண்டில் எங்கள் ஊர்ப் பக்கம் போகும் பஸ் எந்த மூலையில் நிற்கும் என்று கேட்டால், இன்று ஒரே வீட்டில் நாலு பதில் வருகிறது. படங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் ஊர், முகங்களுக்குப் பின்னால் துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஊரை அகலமாக, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஒரே படமாக, ஒரே இடத்தில் நின்று, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுத்துக்கொண்டே வரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இதற்கு மதுரைக்கு அருமையான தொடக்கம் ஒன்று வாய்த்திருக்கிறது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லினேயஸ் ட்ரைப், 1858-ன் தொடக்கத்தில் இங்கே வந்தார். அதற்கு முன்புதான் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, வீதிகள் போட்டிருந்தார். மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அந்த வேலையைப் பார்த்தவர்களின் பெயரைத்தான் தாங்கி நிற்கின்றன. ஆக, ட்ரைப் பார்த்தது, சுற்றுச்சுவர் போய் விரியத் தொடங்கியிருந்த மதுரை. பிளாக்பர்ன் நினைவாக வைத்த விளக்குத்தூணை அவர் படம் எடுத்தார். வைகையையும், ஆற்றைக் கடக்கும் தரைப்பாதையையும் எடுத்தார். ஆல்பர்ட் விக்டர் பாலம் வருவதற்கு இன்னும் 31 ஆண்டுகள் இருந்தன. திருமலை நாயக்கர் மகால், பிற்பாடு பழுது பார்க்கப்படுவதற்கு முன்பு இருந்த கோலத்தில் அவர் படங்களில் நிற்கிறது.

அதே பயணத்தில் தஞ்சையில் ட்ரைப் செய்த வேலையை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை, கேமராவைப் பக்கவாட்டில் நகர்த்தி நகர்த்திப் பகுதி பகுதியாக எடுத்தார். பிறகு 21 படங்களை ஒட்டிச் சேர்த்தார். 19 அடிக்கு மேல் நீளம்! தண்டவாளமும் கிடையாது, கணினியும் கிடையாது. சுவருக்கும் கேமராவுக்கும் இடையிலான தூரம் மாறாமல் பார்த்துக்கொண்டால்தான் எழுத்தின் அளவு படத்துக்குப் படம் ஒத்துப்போகும். ஓர் ஆவணமாக நினைத்து எடுத்ததால்தான் அத்தனை பொறுமை. ஆனால் அந்த வேலை நீடிக்கவில்லை. அடுத்த ஆண்டு ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று நிறுத்திவிட்டார்.

தொடர்ச்சி கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு சான் பிரான்சிஸ்கோதான் உதாரணம். 1878-ல் எட்வர்ட் மைப்ரிட்ஜ் அந்த நகரின் குன்று ஒன்றின் உச்சியிலிருந்து முழு வட்டமாகச் சுற்றி, 13 கண்ணாடித் தகடுகளில் ஊரைப் பதிவு செய்தார். சேர்த்து வைத்தால் சுமார் 17 அடி. அதில் ஒரு தகடு மட்டும் மற்றவற்றுக்குப் பிந்தைய நேரத்தில் எடுத்தது. நிழல் விழும் திசை மாறியிருப்பதை வைத்தே அதைக் கண்டுபிடித்துவிடலாம். 1906 பூகம்பத்திலும் தீயிலும் அந்த ஊரின் பெரும்பகுதி அழிந்துபோனது. 1990-ல் மார்க் கிளெட் என்ற புகைப்படக்காரர் அதே குன்றுக்குப் போய், அதே 13 கோணங்களில் திரும்ப எடுத்தார். ஒரு நகரம் 112 ஆண்டுகளில் எப்படி மாறியது என்பதை அந்த இரண்டு வரிசைகளையும் அருகருகே வைத்தால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

மதுரைக்கு அந்தக் குன்று யானைமலை. ஊருக்கு வடகிழக்கில் இருப்பதால் காலை வெயில் நமக்கு முதுகுப்புறம் இருக்கும், நகரத்தின் முகத்தில் விழும். மார்கழி மூடுபனி விலகி, மழை கழுவிய காற்று இன்னும் தூசி படியாமல் இருக்கும் தை மாதம் தோதான காலம். மலையடியிலிருந்து பார்த்தாலே மாற்றத்தின் அளவு புரியும். உலகனேரிக் கண்மாய் இருந்த இடத்தில் 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளை இயங்குகிறது. வடக்கே நத்தம் சாலையில் 2023-ல் திறந்த 7.3 கிலோமீட்டர் பறக்கும் பாலம். நடுவில், மீனாட்சியம்மன் கோயிலின் சுமார் 170 அடி உயரத் தெற்குக் கோபுரம். கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் எந்தக் கட்டடமும் 9 மீட்டருக்கு மேல் எழும்பக் கூடாது என்பது விதி. மீறல்கள் பற்றிய வழக்குகள் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. ஒரே இடத்திலிருந்து எடுத்த இரண்டு நீளப்படங்கள் இருந்தால், எது எப்போது எழும்பியது என்று வாதாடவே வேண்டியதில்லை.

அந்த மலை இன்னும் மலையாக நிற்பதற்கும் ஊர்க்காரர்கள்தான் காரணம். 2010-ல் அதைச் சிற்ப நகரமாக்கும் யோசனை வந்தபோது எதிர்த்து நின்று தடுத்தார்கள். படம் எடுக்கப் போகிறவர்கள் அங்கிருக்கும் சமணச் சிற்பங்களிலும் கல்வெட்டுகளிலும் கை வைக்காமல் திரும்பி வரவேண்டும்.

எடுக்கும் முறையில் ஒன்றிரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். செல்போனின் பனோரமா வசதி அவசரத்துக்கு உதவும், ஆவணத்துக்கு உதவாது. நேரான ரோட்டை வில்லாக வளைக்கும், ஓடுகிற பஸ்ஸை நறுக்கிவிடும். ஸ்டாண்டில் கேமராவை நெட்டுக்குத்தாக வைத்து, ஒவ்வொரு படமும் முந்தைய படத்தில் மூன்றில் ஒரு பங்கை மறுபடி உள்ளடக்கும்படி தனித்தனியாக எடுங்கள். வெளிச்ச அளவை முதல் படத்தில் வைத்ததோடு மாற்றாதீர்கள். லென்ஸ் நின்ற இடத்திலேயே திரும்ப வேண்டும். நாம் உடம்போடு திரும்பினால் கேமரா இடம் நகர்ந்து, பக்கத்திலிருக்கும் பாறை ஒரு படத்தில் ஒரு வீட்டை மறைக்கும், அடுத்ததில் விட்டு விலகும். ஒட்டும்போது அந்த வீடு பிளந்து தெரியும். அப்புறம், வானத்தை மாற்றாதீர்கள். அந்தக் காலத்து நெகட்டிவில் மேகம் பதியாததால் ட்ரைப் அதன் மேல் கையால் மேகம் தீட்டினார். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தூசி படிந்த வானமும் அந்த நாளின் உண்மைதான்.

சிவகாசி காலண்டர் முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். நாட்டுக்கே காலண்டர் அடித்துக் கொடுக்கும் ஊர் உங்களுடையது. பனிமலையும் வெளிநாட்டு ஏரியும் வருஷா வருஷம் நம் சுவர்களில் தொங்கிவிட்டன. வருகிற தையில் யானைமலையிலிருந்து மதுரையை எடுக்கச் சொல்லி, அடுத்த காலண்டரில் ஒரு மடிப்புத்தாளாக அச்சிடுங்கள். ஐந்து ஆண்டு கழித்து அதே பாறையிலிருந்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். படத்தின் கீழே எடுத்த இடம், தேதி, நேரம் மூன்றையும் மறக்காமல் போடுங்கள்.