ரேம் வாங்கும் முன் பலகையைப் பாருங்கள்

இன்டெல் நிறுவனம் வெளிநாட்டில் தன் முதல் தொழிற்சாலையை 1972இல் நம் பினாங்கில்தான் தொடங்கியது. சில்லு நமக்குப் பழகிய பொருள். ஆனால் அந்தச் சில்லு எந்த ரேமோடு வேலை செய்யும் என்பதைத் தாய்ப்பலகைதான் தீர்மானிக்கிறது.

டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 தொடுமுனைகள் உண்டு; பார்வைக்கும் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் அடிவிளிம்பிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால், ஒன்றின் துளையில் மற்றது நுழையாது. இன்டெல் 12ஆம் தலைமுறைச் செயலி இரண்டையும் ஏற்கும். பெரும்பாலான பலகைகள் ஒன்றை மட்டுமே ஏற்கும். ஏஎம்டியின் ஏஎம்5 பலகைகளுக்கு டிடிஆர்5 மட்டுமே.

16 ஜிபி வேண்டுமா? இரண்டு 8 ஜிபியாகப் போடுங்கள். தரவு இரு தடங்களில் ஓடும். நான்கு துளை உள்ள பலகையானால், பின்னர் கூட்டவும் இடமிருக்கும். விவரத்தாளை முதலில் படித்தால், சேமித்த காசு வீணாகாது.