எண்ணெயைத் தவிர்த்தும் கல்லீரலில் கொழுப்பு ஏன்?

“எண்ணெய்ப் பண்டங்களைத் தொடுவதே இல்லை, பிறகு எப்படிக் கல்லீரலில் கொழுப்பு?” ஸ்கேன் அறிக்கையுடன் வருவோர் பலர் எம்மிடம் கேட்கும் வினா இது. நாம் உண்ணும் கொழுப்பு மட்டும் கல்லீரலில் படிவதில்லை. கல்லீரல் தானே கொழுப்பை ஆக்கவும் வல்லது. அப்பணிக்குத் துணைபுரியும் நொதிகளுள் ஒன்று அசிட்டைல் கோஎன்சைம்-ஏ சிந்தடேஸ்.

இந்நொதி கையாளும் பொருள் அசிட்டேட். வினிகரின் புளிப்புக்குக் காரணமான அசிட்டிக் அமிலம் உடலில் இவ்வடிவிலேயே உலவுகிறது. பெருங்குடல் நுண்ணுயிரிகள் நார்ச்சத்தைச் சிதைக்கும்போதும், கல்லீரல் மதுவைச் சிதைக்கும்போதும் அசிட்டேட் உண்டாகிறது. அதனை உடல் அப்படியே பயன்படுத்த இயலாது. இந்நொதி, ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறைச் செலவிட்டு, அசிட்டேட்டைக் கோஎன்சைம்-ஏ உடன் பிணைக்கிறது. அதன் பின்னரே அது பயன்படும் பொருளாகிறது.

இந்நொதியின் ஒரு வகை மைட்டோகாண்ட்ரியாவில் இருந்து, இதயமும் தசைகளும் அசிட்டேட்டை எரித்து ஆற்றல் பெற உதவுகிறது. சைட்டோபிளாசத்தில் உள்ள மற்றொரு வகை, கொழுப்பு அமிலங்களையும் கொலஸ்டிராலையும் ஆக்க மூலப்பொருள் அளிக்கிறது.

மதுவில் எண்ணெய் துளியும் இல்லை. ஆயினும் ஒரு கிராம் ஆல்கஹால் 7 கலோரி தருகிறது. அதிலிருந்து பிறக்கும் அசிட்டேட்டை உறுப்புகள் முதலில் எரிப்பதால், உடற்கொழுப்பு எரியாமல் தேங்குகிறது. இனிப்பும் இவ்வாறே. மிகுதியான ஃபிரக்டோஸ் சர்க்கரையைக் குடல் நுண்ணுயிரிகள் அசிட்டேட்டாக மாற்ற, கல்லீரல் அதனை இந்நொதியின் துணையால் கொழுப்பாக்குவதை 2020-இல் வெளிவந்த எலி ஆய்வு காட்டியது.

இதனால் நார்ச்சத்துள்ள காய்கறி, கீரை, பயறுகளை அஞ்ச வேண்டியதில்லை. அவை நன்மையே தரும். வினிகர் அருந்தினால் கல்லீரல் தூய்மையாகும் என்பதை நம்பி மருந்துகளை நிறுத்தாதீர்கள். இந்நொதியைத் தடுத்துக் கொழுப்புக் கல்லீரலைக் குணமாக்கும் மருந்து எதுவும் இன்று பயன்பாட்டில் இல்லை. மதுவையும் இனிப்புப் பானங்களையும் விலக்குவதும், உடற்பருமன் உள்ளோர் எடையைக் குறைப்பதுமே வழி. எடையில் 5 விழுக்காடு, அதாவது 80 கிலோ உள்ளவர் 4 கிலோ குறைத்தாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 7 முதல் 10 விழுக்காடு குறைத்தால் அழற்சியும் தணியக்கூடும்.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள்: நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், மனக்குழப்பம், வலிப்பு ஏற்படலாம். வீட்டிலேயே முயலாமல், முதலில் எம்மிடம் அழைத்து வாருங்கள். பாதுகாப்பாக நிறுத்த உதவும் மருத்துவம் உண்டு.