ஷிஃப்ட்டை அழுத்தினால் எழும் கொடிமலை

பினாங்குத் தீவின் வரைபடத்தைக் கைப்பேசியில் திறந்து பாருங்கள். ஆயர் ஈத்தாமும் பாலிக் பூலாவும் அடுத்தடுத்த ஊர்கள் போலத் தெரியும். பாதையில் போய்த் தலைசுற்றியவர்களுக்குத்தான் இடையில் எத்தனை வளைவுகள் என்று தெரியும். தட்டையான வரைபடத்தில் தீவின் நடுவிலுள்ள மலைகள் வெறும் பச்சைத் திட்டு. 833 மீட்டர் உயரமுள்ள கொடிமலையும் அதற்குள்தான் அடங்கிக் கிடக்கிறது.

மலையை மலையாகக் காட்டும் மென்பொருள் கூகுள் எர்த். கீஹோல் என்ற நிறுவனத்தை 2004-இல் கூகுள் வாங்கியது. அதன் படைப்பு மறு ஆண்டே இப்பெயரில் வெளிவந்தது. கணினியில் பதிவிறக்கும் 'புரோ' பதிப்பு 2015 முதல் இலவசம். ஆனால் பலரும் அதில் சொந்த வீட்டுக் கூரையைத் தேடிப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். சுட்டிதான் இதற்குப் பாதிக் காரணம் என்பேன். படத்தைச் சாய்க்க அதன் நடுச் சக்கரத்தை அழுத்தியபடி இழுக்க வேண்டும். மடிக்கணினியின் தொடுதளத்தில் சக்கரத்துக்கு எங்கே போவது?

விசைப்பலகை இருக்கிறதே! முதலில் படத்தின்மேல் ஒருமுறை சொடுக்குங்கள். மறந்தால், தட்டும் எழுத்தெல்லாம் தேடல் பெட்டிக்குள் போய் விழும். எனக்கு இன்றும் நடக்கிறது. அம்புக்குறிகள் படத்தை நகர்த்தும். 'பேஜ் அப்' அருகே கொண்டுபோகும், 'பேஜ் டவுன்' விலக்கும். ஷிஃப்ட்டுடன் இட, வல அம்புகளை அழுத்தினால் படம் சுழலும். ஷிஃப்ட்டுடன் மேல், கீழ் அம்புகள்தான் முக்கியம்: ஒன்று பார்வையைத் தொடுவானம் நோக்கிச் சாய்க்கும், மற்றது மீண்டும் தலைக்கு மேலே கொண்டுவரும். கன்ட்ரோலுடன் அம்புகளை அழுத்தினால், நின்ற இடத்திலிருந்தே தலையைத் திருப்பிப் பார்ப்பதுபோல் இருக்கும். திசை குழம்பினால் 'என்' எழுத்து. வடக்கு மேலே வந்துவிடும். 'யு' சாய்வை நீக்கும், 'ஆர்' இரண்டையும் சரிசெய்யும். எல்லாம் வேகமாக ஓடினால் ஆல்ட்டையும் சேர்த்து அழுத்துங்கள், நகர்வு மெதுவாகும். சுட்டியைப் பிடித்து இழுக்கக் கை ஒத்துழைக்காதவர்களுக்கு இந்த விசைகள் வெறும் குறுக்குவழி அல்ல, ஒரே வழி.

இப்போது சுங்கை பினாங்கு ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் போங்கள். மேற்கு நோக்கிச் சுழற்றி, சாயுங்கள். ஜோர்ஜ்டவுனுக்குப் பின்னால் மலைகள் சுவர்போல் எழும். ஆயர் ஈத்தாம் பக்கமிருந்து ஒரு கிளையாறு, தண்ணீர்மலை அருவிப் பக்கமிருந்து இன்னொன்று. இரண்டும் செங்குத்தான சரிவிலிருந்து இறங்கி, வீடுகள் நெருங்கிய சமவெளியில் இந்த ஆற்றில் சேர்கின்றன. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கு வெள்ளத்தில் தத்தளித்தபோது என் வயதுக்காரர்கள் பள்ளி மாணவர்கள். மலையில் பெய்யும் மழைக்கு ஓடிவர அதிக தூரம் இல்லை. இறங்கிய நீர் தாழ்ந்த நிலத்தில் வேகம் இழக்கிறது, கடல் ஏறியிருந்தால் வெளியேறவும் தாமதமாகும். சம உயரக் கோடுகளைப் பார்த்து இதைக் கற்பனை செய்யத் தெரியாத எனக்கு, இரண்டு விசைகளில் புரிந்தது.

அதற்காகப் படத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். அமைப்புகளில் உயரத்தை மிகைப்படுத்தும் எண் ஒன்று உண்டு. அது 2 என்றிருந்தால் கொடிமலை 1,666 மீட்டர் மலைபோல் நிற்கும்; ஒப்படைப்புக்குப் படம் எடுக்குமுன் 1 என்று மாற்றுங்கள். உயரத் தரவுக்கும் எல்லை உண்டு. 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடம் 11 நாள்களில் ரேடாரால் அளந்த உலகளாவிய நில உயரத் தரவில் ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் சுமார் 30 மீட்டர் இடைவெளி. அத்தகைய தரவில் மலை தெரியும். உங்கள் வீட்டு முன்னாலுள்ள கால்வாய் தெரியாது. எந்தத் தெருவில் முதலில் நீர் ஏறும் என்பதை அங்கே குடியிருப்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

ஆற்று முகத்திலிருந்து தண்ணீர்மலை வரை அம்புக்குறிகளாலேயே போய்ப் பாருங்கள். வழியில் படம் தானாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள், நின்றுவிடும்.